ஐஸில் போன இரத்தம்

அத்தியாயம் பதினொன்று

வியாழக்கிழமை காலை ஹாஜறா தன் வளவை மூன்றாவது தரமும் கூட்டினாள். கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினாள். வேலியோரம் மேய்ந்த கோழிகள்கூட, இவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அடுத்த வளவுக்குப் போய்விட்டன.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஹாஜறாவுக்குக் கனம் மடியில் இல்லை, கையில். இடது முழங்கையின் உள்மடிப்பில் ஊசி குத்தின இடம் நீலம் பாரித்து, ஒரு கிழமையில் வெளிறி மஞ்சளாகியிருந்தது. சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இழுத்து இழுத்து அதன் விளிம்பே தொய்ந்து போயிற்று.

விட்ட இடத்தை மறந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

ஹாஜறாவின் அக்கா, அவள் வாயில் றாத்தா, சரீபாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள், கதிர் பிடித்தார்கள், உயிரோடு திருப்பி அனுப்பினார்கள். அதோடு விட்டார்களா? ஆறு மாதத்துக்கு ஒரு தரம் இரத்தம் சோதிக்கவேண்டும் என்றார்கள். வாயில் நுழையாத இங்கிலீசுப் பெயர் கொண்ட ஒரு சோதனை. வீட்டில் அதற்குப் பெயர் கொழும்பு டெஸ்ட். நோய் எலும்புக்கோ ஈரலுக்கோ திரும்பியிருந்தால் அந்த எண் ஏறுமாம். மூன்றிலிருந்து பதின்மூன்றுக்குள் நின்றால் நல்லது. சரீபாவுக்கு எட்டு வந்தது, பிறகு ஒன்பது, பிறகும் எட்டு.

கல்முனையில் அந்தச் சோதனைக்கு வசதியில்லை. பஸாரில் சின்ன லெப் வைத்திருக்கும் அழகரெத்தினம் இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரைக் குப்பியில் அடைத்துத் தருவார். குப்பி ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் இறங்கும். பிளாஸ்க் மீன் பெட்டியில் இறங்கும். மீன் லொறி ஹாஜறாவின் கணவர் ஹமீட்டுடையது. அவரே சாரதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொழும்புக்குக் கொண்டு போவார், ரிப்போட்டையும் அவரே கொண்டு வருவார்.

இந்தத் தரம் அதில்தான் கோளாறு. சரீபாவின் மகள் நதீராவுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். ஜெமீல், அட்டாளைச்சேனையில் வாத்தியார் பயிற்சி முடிக்கிற பொடியன். அடுத்த மாதம் கடற்கரைப் பள்ளிவாசலில் கந்தூரிக் கொடி இறங்கின கையோடு வரும் வெள்ளிக்கிழமை காவின், அதாவது கலியாண எழுத்து, என்று நாளும் வைத்தாயிற்று. அப்போதுதான் ஜெமீலின் தாய் ஆசியா உம்மா ஒரு வார்த்தை சொன்னார். இந்தத் தரத்து ரிப்போட்டைத் தன் கண்ணால் பார்க்கவேண்டுமாம். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை. நம் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிவருகிறவன். மகனை ஒரு வீட்டுக்குக் கொடுக்கிற தாய், அந்த வீட்டில் என்ன இருக்கிறதென்று கேட்காமல் இருப்பாளா?

கேட்ட நேரந்தான் சரியில்லை. ஒரு மாதமாகச் சரீபாவுக்கு இடுப்பில் ஒரு நோவு. அதைத் தங்கையிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அந்த எண் ஏறியிருந்தால் என்ற பயத்தில் அக்காவும் தங்கையும் குசினிக்குள் இருந்து ஒரு திட்டம் போட்டார்கள். யோசனை யாருடையது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் மற்றவளைக் காட்டுவார்கள். போன வியாழக்கிழமை, அழகரெத்தினம் தம்பிலுவில்லில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, ஹாஜறா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு லெப்புக்குப் போனாள். பதிலுக்கு இருந்தவருக்கு இரண்டு பேரையும் தெரியாது. பெயர் கேட்டார். சரீபா என்றாள். கையை நீட்டினாள்.

“மாடு மாதிரி இரிக்கன். என்ட இரத்தத்துல என்னத்த வந்திரப் போகுது?” என்று அன்றைக்கு றாத்தாவிடம் சிரித்தவளும் இவள்தான்.

அந்த ரிப்போட் வருகிற நாள் இன்று.

ஒன்பது மணிக்கு லொறி வந்து நின்றது. ஹமீட் இறங்கினார். சாறன் ஈரம், கண் சிவப்பு, ஆளைச் சுற்றி மீன் வாடை. ஆனால் சேட்டுப் பொக்கற்றில் கடதாசி உறை மட்டும் கசங்காமல் இருந்தது.

இந்த மனிதனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மீனுக்கு ஐஸ் காணாமல் போன நாள் உண்டு, பிளாஸ்குக்குக் காணாமல் போன நாள் இல்லை. மகாஓயாவில் ஒரு தரம், மகியங்கனையில் ஒரு தரம், கண்டியில் ஒரு தரம் என்று லொறியை நிறுத்தி ஐஸ் மாற்றுவார். மதினிட இரத்தம் பழுதாப் போகப்படா என்பார். சாரதி முணுமுணுத்தால், உனக்கு ஒரு மதினி இருந்தாத் தெரியும் என்பார். இரண்டு வருடமாக இதே பாட்டு.

வழக்கம்போல இந்தத் தரமும் புதன்கிழமை ரிப்போட்டை எடுத்துக்கொண்டு மகரகமைக்குப் போய் டொக்டரிடம் காட்டியிருந்தார். முந்திய மூன்று தரமும் டொக்டர் ஒரு பார்வை பார்த்து, ஒரு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இந்தத் தரம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு வேறொரு கடதாசியில் என்னவோ எழுதி, இரண்டையும் ஒரு உறைக்குள் வைத்து ஒட்டினாராம்.

“நீங்கதான் புருசனோ எண்டு கேட்டாரு,” என்றார் ஹமீட், கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே. “இல்ல சேர், நான் தங்கச்சிட புருசன் எண்டன். அப்ப இத நோயாளிட புருசன்ட கையில குடுங்க எண்டாரு. எனக்கு அது புடிக்கல்ல ஹாஜறா. மதினிக்கு என்னமோ சரியில்ல.”

ஹாஜறாவின் கையிலிருந்த விளக்குமாறு எப்போது கீழே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. உறையை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தாலும் வாசிக்க அவளுக்கு இங்கிலீசு வராது.

அக்கா வீடு அடுத்த வளவு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியில் ஒரு கடப்பு. ஒரு நாளைக்கு இருபது தரம் போய் வருகிற கடப்பில் இன்றைக்குக் கால் தட்டிற்று.

சரீபாவும் நதீராவும் குசினியில் வட்டிலப்பம் அவித்துக்கொண்டிருந்தார்கள். ளுஹர் தொழுகைக்குப் பிறகு ஆசியா உம்மா வருகிறார். சரீபா பலகையில் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தாள். நேராக இருந்தால் நோவு எடுக்கும். மகள் தேங்காய் எடுக்க வெளியே போன நேரம் பார்த்து ஹாஜறா உறையைக் காட்டினாள். டொக்டர் ஒட்டித் தந்ததைச் சொன்னாள்.

சரீபா சிரிக்கப் பார்த்தாள். உன்ட இரத்தந்தானே, பிறகென்ன பயம் என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல்லின் மற்றப் பக்கம் அவளுக்கே விளங்கியது. அடுப்பில் வட்டிலப்பம் கொதிநீருக்குள் கிடந்து குலுங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் ஹாஜறா நினைத்தாள். அதற்கு மச்சான் விட்டால்தானே. சரீபாவின் கணவர் மீராமுகைதீன் தபாற்கந்தோரில் பெரிய கிளாக். முப்பது வருடம் மற்றவர்களின் கடிதங்களை உடைக்காமல் கொண்டு சேர்ப்பித்த மனிதர். டொக்டர் சொன்னபடி உறை ஒட்டினபடியே தன் கைக்கு வந்ததும் அவருக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. சம்மந்தியின் முன்னால்தான் உடைப்பேன் என்றார். முதலே உடைத்தால் உள்ளே மாற்றி வைத்தோம் என்று ஆள் சொல்லும், நாங்கள் நேர்மையான குடும்பம் என்றார். சரீபா கீழே பார்த்தாள். ஹாஜறா மேலே பார்த்தாள். உறை ரேடியோவின் மேல் ஏறி உட்கார்ந்தது.

அன்றைக்கு மதியம் வரை ஹாஜறா எத்தனை தரம் அந்த ரேடியோவைத் துடைத்தாள் என்று நதீராதான் எண்ணினாள். சாச்சி, அது தேஞ்சிரும் என்று கேலி பண்ணினாள். பாவம் பிள்ளை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. தன் கலியாணம் தன் சாச்சியின் இரத்தத்தில் தொங்கிக்கொண்டிருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

தொழுகை முடித்து ஹாஜறா பாயிலேயே இருந்தாள். துஆவுக்குக் கை ஏந்தினால் என்ன கேட்பதென்று தெரியவில்லை. நல்ல எண் வரவேண்டும் என்று கேட்டால் அது பொய்க்குக் கூலி கேட்பது. யா அல்லாஹ், நான் விளையாடிப் போட்டன் என்று மட்டும் சொன்னாள். பத்து வயது மகள் சபூறா பள்ளிக்கூடத்தால் வந்து பசிக்குதும்மா என்று நின்றாள். மகளுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, தான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பவும் கடப்பால் போனாள்.

இரண்டு மணிக்கு வாடகைக்குப் பிடித்த ஹயரிங் காரில் ஆசியா உம்மா வந்து இறங்கினார். மெலிந்த மனுசி. வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி. புருசனை இழந்து, காணி பார்த்து, வெள்ளாமை வெட்டுவித்து, மூன்று ஆண்பிள்ளைகளைப் படிப்பித்தவர். அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் எதிரில் இருப்பவர் மறக்கமாட்டார்.

வெற்றிலைத் தட்டம் வைத்தார்கள். வட்டிலப்பம் வைத்தார்கள். மீராமுகைதீன் ரேடியோவின் மேலிருந்த உறையை எடுத்து, ஒட்டியிருப்பதை நாலு பக்கமும் காட்டினார். வாசற்படியில் ஹமீட் நின்றார். நதீரா அறைத் திரைக்குப் பின்னால். ஹாஜறா திரையின் இந்தப் பக்கம், சுவரோடு சுவராக.

மீராமுகைதீன் உறையைக் கத்தியால் கீறினார். கடதாசியை விரித்தார். எழுத்துக் கூட்டுவது போல அவருடைய உதடு அசைந்தது. பிறகு அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டார். கடதாசி மாறவில்லை.

“இருபத்தேழு,” என்றார்.

டொக்டர் எழுதியிருந்ததையும் தமிழில் சொன்னார். உடனே கூட்டி வரவும். எலும்புக்கும் ஈரலுக்கும் படம் பிடிக்கவேண்டும். தங்குவதற்கு ஆயத்தமாக வரவும். கடைசி வரியை இரண்டு தரம் சொன்னார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். நல்ல இரத்தம் என்று நம்பி அனுப்பிய இரத்தத்தில் இருபத்தேழு.

நதீரா திரையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து உம்மாவைக் கட்டிப் பிடித்தாள். வாசற்படியில் ஹமீட் தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்று தரம் ஐஸ் மாத்தினேனே மதினி, மூன்று தரம் மாத்தினேனே என்று அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மீராமுகைதீன் கதிரையில் இருந்துவிட்டார். எல்லாருடைய கண்ணும் சரீபாவின் மேல். ஆசியா உம்மாவின் கண்ணாடியும் அங்கேதான் திரும்பியிருந்தது.

ஹாஜறாவை ஒரு ஆளும் பார்க்கவில்லை. தன் சாவுச் செய்தியைத் தன் காதால் கேட்டுக்கொண்டு, அதற்காக வேறொருத்திக்கு எல்லாரும் ஆறுதல் சொல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவள் அறிந்தாள். சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள்.

ஒரு ஆள் மட்டும் பார்த்தது. மகளின் தோளுக்கு மேலால் சரீபா தங்கையைப் பார்த்தாள்.

ஆசியா உம்மா எழுந்தார். அல்லாஹ் சுகத்தைத் தருவான் என்று சரீபாவின் தலையில் கை வைத்தார். இந்த நிலையில் காவினுக்கு வைத்த நாளைப் பற்றித் தன் ஆட்களோடு கதைக்கவேண்டும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். நதீராவின் கை உம்மாவின் தோளிலிருந்து மெல்ல நழுவியது.

சும்மா இருந்தால் போதும். ஹாஜறாவின் மனம் அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை கணக்குப் போட்டது. றாத்தா மகரகமைக்குப் போவாள், இடுப்பைப் படம் பிடிப்பார்கள், அது அவளுக்கும் நல்லதுதான். நான் பிறகு ஒருவருக்கும் தெரியாமல் ஒரு டொக்டரிடம் காட்டலாம். வாய் திறந்தால் றாத்தா பொய்க்காரி ஆவாள். நாளைக்கு என் சபூறாவையும் ஆள் பார்க்க வரும்போது இதே கேள்வி கேட்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் நதீராவின் முகத்தைப் பார்த்தாள். காலையில் சாச்சி, அது தேஞ்சிரும் என்று சிரித்த பிள்ளை.

“இருங்க சம்மந்தி,” என்றாள் ஹாஜறா. “அந்த நம்பர் றாத்தாட இல்ல. அது என்ட இரத்தம்.”

அவளுக்கே தன் குரல் யாரோ பேசுவது போலக் கேட்டது. சட்டைக் கையை உருட்டினாள். அந்த மஞ்சள் வட்டத்தைக் காட்டினாள். றாத்தாவுக்கு இடப் பக்கம் ஒபரேசன், இடக்கையில் ஊசி குத்தவே கூடாதென்று டொக்டர்மார் சொல்லியிருக்கிறார்கள், வேண்டுமானால் அவட கையைப் பாருங்கள், ஒரு அடையாளமும் இராது, போன வியாழக்கிழமை லெப்புக்குப் போனது நான்தான் என்று தொடங்கியவள், அழகரெத்தினம் இல்லாத நாளைத் தேடிப் பிடித்தது வரை ஒன்றையும் விடவில்லை. ஒரே மூச்சில் சொன்னதால் அழ நேரம் கிடைக்கவில்லை.

மீராமுகைதீன் மனைவியைப் பார்த்தார். சரீபா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு அசைவு அவருக்குப் போதுமாயிருந்தது. நேர்மையான குடும்பம் என்று காலையில் சொன்ன வாய். டொக்டரின் கடதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்து மேசையில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். அஸருக்குப் பாங்கு சொல்ல இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

ஆசியா உம்மா திரும்பவும் கதிரையில் இருந்தார். கண்ணாடிக்குள்ளால் ஹாஜறாவின் கையை ஒரு தரம் பார்த்தார், சரீபாவை ஒரு தரம் பார்த்தார்.

“நோய அல்லாஹ் தாறான். அதுக்கு நான் ஒங்கள ஒண்டும் சொல்ல மாட்டன்,” என்றார். “ஆனா பொய்ய நீங்க ரெண்டு பேரும் சமைச்சிரிக்கீங்க. என்ட மகன் குடிவாற வீட்டுல, நாளைக்கு அவன்ட சோத்துலயும் என்னத்தையும் மறைக்க மாட்டீங்க எண்டு நான் எப்பிடி நம்புற?”

கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவர் ஹாஜறாவின் பக்கம் திரும்பினார்.

“நீ வாய மூடிட்டு இரிந்திரிக்கலாம். ஏன் சொன்ன?”

“என்ட நோய்க்கு அந்தப் புள்ள ஏன் வாழாமப் போகணும்?” என்றாள் ஹாஜறா. அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அது வந்தபோது நிற்கவில்லை.

ஆசியா உம்மா அழுது முடியும்வரை இருந்தார். பிறகு அடுத்த வியாழக்கிழமை இதே நேரத்துக்கு வருவதாகச் சொன்னார். சரியான பெயர் எழுதின கடதாசி வேண்டும், அதில் எந்த எண் இருந்தாலும் பரவாயில்லை, மிச்சத்தை அன்றைக்குப் பேசுவோம் என்றார். வெற்றிலைத் தட்டத்தை அவர் எடுக்கவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை. எடுத்தால் சம்மதம், தள்ளினால் முறிவு. தட்டம் வைத்த இடத்திலேயே இருந்தது. கார் போய்விட்டது.

முதலில் அசைந்தவள் நதீராதான். தன்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று உம்மாவிடம் கேட்டாள். அப்படியொரு கோபம் அந்தப் பிள்ளைக்கு இருக்கிறதென்று இரண்டு பேருக்கும் இதுவரை தெரியாது. பிறகு உள்ளே போய் இரண்டு குடைகளை எடுத்து வந்து, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தாள்.

“லொறி அஞ்சு மணிக்குத்தான் சாச்சி. லெப் தொறந்திரிக்கும்,” என்றாள்.

அழகரெத்தினம் லெப்பில் இருந்தார். அவரிடமும் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்ட மனிதர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தார்கள். அவர் கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பெயரை மாற்றினால் வருத்தம் மாறாது அக்கா என்றார். பிறகு அந்த எண்ணைப் பற்றிச் சொன்னார். அது புற்றுநோய்க்கு மட்டும் ஏறுவதில்லையாம். பித்தக்கல்லுக்கும் ஏறும், ஈரலில் வேறு கோளாறுக்கும் ஏறும், உடைந்த எலும்பு பொருந்தும்போதும் ஏறும்.

“பொகை தெரியுது எண்டுதான் அது சொல்லும். எந்தக் குசினி எண்டு சொல்லாது. அத டொக்டர்தான் பாக்கோணும்,” என்றார். “ரெண்டு பேருக்கும் திருப்பி எடுப்பம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுல ரெண்டு பேரும் மகரகமைக்குப் போங்க. போறதுக்கு முதல் சரியான நம்பர் டொக்டர்ட கைக்குப் போகட்டும்.”

சரீபா வலக்கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது, கேட்காமலே சொன்னாள். ஒரு மாசமா எனக்கு இடுப்பு நோகுது தம்பி, படுத்தாலும் நோகுது. சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டாள். ஒரு மாதமாக இரண்டு பேர் சுமந்தது, எட்டுச் சொல்லில் வெளியே வந்துவிட்டது. அழகரெத்தினம் அதையும் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டார்.

அடுத்தது ஹாஜறா. இந்தத் தரமும் இடக்கையைத்தான் நீட்டினாள். போன கிழமை சிரித்துக்கொண்டு நீட்டிய அதே கை. கண்ணை இறுக மூடினாள். றாத்தா அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அந்த வாங்கில் உட்கார்ந்து றாத்தாவின் கையை இவள் பிடித்திருக்கிறாள். இடம் மாறியது இதுதான் முதல் தரம்.

இயந்திரம் சுழன்று நின்றது. இரண்டு குப்பி. ஒரே நிறம், ஒரே அளவு. எது யாருடையதென்று பார்த்தால் எவராலும் சொல்ல முடியாது. அழகரெத்தினம் பிளாஸ்டர்த் துண்டு வெட்டி இங்கிலீசில் பெயர் எழுதப் போனார். ஹாஜறா தடுத்தாள். கீழே தமிழிலும் எழுதச் சொன்னாள், எங்கட மனிசன் வாசிக்கோணும் என்றாள்.

ஹமீட் லொறியை லெப்புக்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மத்தியானத்திலிருந்து அந்த மனிதர் மனைவியோடு ஒரு சொல் பேசவில்லை. ஹாஜறா பிளாஸ்கைத் திறந்து காட்டினாள். அவர் இரண்டு குப்பியையும் ஐஸுக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். சரீபா. பிறகு மற்றதை. ஹாஜறா. அதை உடனே கீழே வைக்கவில்லை. தன் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஐஸில் கிடந்த குப்பியை அப்படி வைத்திருக்கக்கூடாதென்று அவருக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

“போன கெழம நீ எனக்குச் சொல்லியிரிக்கோணும்,” என்றார்.

“சொல்லியிரிந்தா என்ன செஞ்சிரிப்பீங்க? நீங்கதான் மூணு தரம் ஐஸ் மாத்திக் கொண்டு போனீங்களே. அதுக்கு மேல ஒரு ஆள் என்ன செய்யிற?”

ஹமீட் குப்பிகளை உள்ளே வைத்து மூடியைத் திருகினார். லொறியின் பின்பக்கம், மீன் பெட்டிக்குப் போவார் என்று சாரதி இறங்கி நின்றான். அவர் போகவில்லை. முன்பக்கம் ஏறி உட்கார்ந்து பிளாஸ்கைத் தன் மடியில் வைத்து, தோளில் கிடந்த துவாயால் சுற்றினார்.

“மீனோட போட்டிரிக்க மாட்டன் புள்ள,” என்றார்.

லொறி புறப்பட்டது. அடுத்த வியாழக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. றாத்தாவும் தங்கையும் ஒரே குடைக்குள் வீட்டுக்கு நடந்தார்கள். மற்றக் குடையை லெப்பில் மறந்து வந்தது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போக இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.